பான்டோப்ரசோல்: சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூட்டு வலிக்குச் சீட்டு வாங்கினாலும் சளிக்கு வாங்கினாலும் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: பான்டோப்ரசோல் 40 மி.கி., காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன். மருந்துக்கடையில் நிற்கும் எங்களிடம் அதிகம் கேட்கப்படுவதும் இந்த மாத்திரை பற்றித்தான். அதே அளவுக்குத் தவறாகப் போடப்படுவதும் இதுதான். நெஞ்செரிச்சலுக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் இதைவிட நல்ல மருந்து அதிகமில்லை. ஆனால் எதற்காகப் போடுகிறோம், எப்போது நிறுத்த வேண்டும் என்ற இரண்டும் தெரியாமலேயே பலர் ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். கீழே உள்ளவை பொதுவான விளக்கங்கள். உங்கள் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஜெலுசில், டைஜீன் போன்றவையும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. ஜெலுசில், டைஜீன், ஈனோ ஆகியவை இரைப்பையில் ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தைச் சமன்படுத்துகின்றன. சில நிமிடங்களில் சுகம் தெரியும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். பான்டோப்ரசோல் அமிலம் சுரக்கும் இடத்துக்கே போகிறது. இரைப்பைச் சுவரில் உள்ள சில செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. அவற்றோடு ஒட்டிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது இம்மருந்து. சுரப்பு குறைந்தால் புண்ணுக்கு ஆற அவகாசம் கிடைக்கிறது.

இந்த வகையில் முதலில் வந்தது ஒமெப்ரசோல், 1988இல். பிறகு லான்சோப்ரசோல், பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று ஒரு குடும்பமே வந்தது. பெயர் 'ப்ரசோல்' என்று முடிந்தால் பெரும்பாலும் இக்குடும்பம் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். இதற்கு முந்தைய தலைமுறை மருந்தான ரானிடிடினைப் பலர் நினைவு வைத்திருப்பார்கள். புற்றுநோய் அச்சம் தரும் என்.டி.எம்.ஏ. என்ற மாசு அதில் காணப்பட்டதால் 2020இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கியது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022இல் அது நீக்கப்பட்டது.

இன்னொன்று: கடையில் இதைக் 'கேஸ் மாத்திரை' என்றுதான் கேட்கிறார்கள். வயிற்று உப்புசத்தையும் காற்றையும் இது குறைப்பதில்லை. குறைப்பது அமிலத்தை மட்டும்தான்.

நெஞ்சில் வலிக்கிறது. கேஸ்தான் என்று நினைத்து மாத்திரை போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மாரடைப்பின் வலியும் அமில எரிச்சலும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரி வரக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சலாகவோ, மேல்வயிற்று அசௌகரியமாகவோ, குமட்டலாகவோ மட்டும் தெரிவதுண்டு. நெஞ்சை அழுத்துவதுபோல் வலி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத்திணறல், மாடிப்படி ஏறினால் வலி கூடி நின்றால் குறைதல், இவற்றில் எது இருந்தாலும் 108ஐ அழையுங்கள். இசிஜி எடுக்கச் சில நிமிடங்கள் போதும். ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 'விடிந்ததும் பார்க்கலாம்' என்று படுத்தவர்களில் விடியலைப் பார்க்காதவர்கள் உண்டு.

மாத்திரை போட்டபின் வலி குறைந்தது என்பதும் இதயத்தில் கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாகாது. இதய வலியும் தானாகவே வந்து தானாகவே அடங்கும்.

'சாப்பாட்டுக்கு முன்' என்றால் எவ்வளவு நேரத்துக்கு முன்?

அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன். பலரும் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு மாத்திரையை விழுங்குகிறார்கள். அதனால் கெடுதல் ஒன்றும் வராது, பலன்தான் குறையும்.

காரணம் மருந்தின் இயல்பில் இருக்கிறது. மாத்திரை இரைப்பையில் கரைவதில்லை. அதைக் கடந்து சிறுகுடலில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, இரத்தத்தின் வழியாகத்தான் இரைப்பைச் சுவருக்கு வந்துசேர்கிறது. அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் பம்புகளை மட்டுமே அதனால் மூட முடியும். உறங்கும் பம்பை அது தொடுவதில்லை. பம்புகள் பெருமளவில் விழிப்பது நாம் சாப்பிடும்போது. மருந்தோ இரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும். ஆகவே மருந்து இரத்தத்தில் நிறைந்திருக்கும் வேளையும் சாப்பாட்டு வேளையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மூடப்பட்ட பம்பு திரும்பத் திறப்பதில்லை, உடல் புதிதாக ஒன்றை உருவாக்கும்வரை. அதனால்தான் சில மணி நேரமே இரத்தத்தில் இருக்கும் ஒரு மருந்து ஒரு நாள் முழுக்கப் பலன் தருகிறது.

இதிலிருந்து சில நடைமுறைகள் பிறக்கின்றன. காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டுப் பதினொரு மணிக்குச் சாப்பிடுபவர் மருந்தை வீணாக்குகிறார். காலை உணவே சாப்பிடாதவர் மதிய உணவுக்கு முன் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். இரவு வேலைக்குப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தங்கள் நாளின் முதல் முழுச் சாப்பாட்டைப் பார்த்தால் போதும். எரிச்சல் இரவில்தான் அதிகம் என்றால் இரவு உணவுக்கு முன் போடச் சொல்வதுண்டு. படுக்கப்போகும்போது போடுவது பெரும்பாலும் பயனற்றது. ஒரு நாளைக்கு இரண்டு என்று எழுதியிருந்தால் காலை உணவுக்கு முன் ஒன்று, இரவு உணவுக்கு முன் ஒன்று.

எழுந்ததும் காப்பி இல்லாமல் முடியாது என்பவர்கள் முதலில் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, அரை மணி பொறுத்துக் காப்பி குடிக்கலாம். அந்தக் காப்பியே உங்கள் எரிச்சலுக்குக் காரணமா என்பது தனிக்கேள்வி.

காலையில் தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில்தானே? எதை முதலில் போடுவது?

தைராக்சின் முதலில். எழுந்தவுடன் தண்ணீரோடு அதைப் போட்டுவிட்டு, அரை மணி கழித்துப் பான்டோப்ரசோல், அதற்கு அரை மணி கழித்துச் சிற்றுண்டி என்று வைத்துக்கொள்வது ஒரு வழி. காலையில் அடுப்படிக்கும் பள்ளிப் பேருந்துக்கும் நடுவில் ஓடும் பெண்களிடம் இந்த அட்டவணையைச் சொன்னால் சிரிக்கிறார்கள், நியாயம்தான். அவர்களுக்கு இரவு உணவுக்கு முன் பான்டோப்ரசோலை மாற்றிக்கொள்வது எளிது. மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

நேரத்தைப் பிரித்துப் போட்டாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். தைராக்சின் நன்றாகக் கரைய இரைப்பையில் அமிலம் வேண்டும். அமிலம் நாள் முழுக்கக் குறைவாக இருப்பதால் சிலருக்குத் தைராக்சின் சரியாக உட்கிரகிக்கப்படுவதில்லை. ஆகவே பான்டோப்ரசோலைத் தொடர்ந்து போடத் தொடங்கினாலும், நெடுநாள் போட்டதை நிறுத்தினாலும், ஆறு முதல் எட்டு வாரத்தில் இரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் நாளே எரிச்சல் நிற்கவில்லை. மருந்து மாற்ற வேண்டுமா?

பொறுங்கள். ஒரு வேளை மருந்து எல்லாப் பம்புகளையும் மூடிவிடுவதில்லை. முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். அதுவரை எரிச்சல் வந்தால் ஜெலுசில் போன்ற அமில நீக்கி மருந்தை இடையில் குடிக்கலாம். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஈனோ போன்ற பொட்டலங்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் சோடியம் அதிகம். எட்டு வாரம் சரியாகப் போட்டும் குறையவில்லை என்றால், முதலில் நேரம் சரியாக இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் நோய் வேறாக இருக்கக்கூடும்.

மாத்திரையை உடைத்தோ நசுக்கியோ கொடுக்கலாமா?

கூடாது. மேலே உள்ள பூச்சுதான் மருந்தை இரைப்பை அமிலத்திலிருந்து காக்கிறது. நசுக்கினால் குடலுக்குப் போவதற்குள் மருந்து சிதைந்துவிடும். விழுங்க முடியாத முதியவர்களுக்கும் குழாய் வழியாக உணவு பெறுபவர்களுக்கும் இக்குடும்பத்திலேயே வேறு வடிவ மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்கவும் வேண்டாம். ஈரம் இதற்கு ஆகாது.

எத்தனை நாள் போட வேண்டும்?

சீட்டில் எழுத மறக்கும் வரி இதுதான். கேட்டு எழுதி வாங்குங்கள். பொதுவான கணக்கு இப்படி: சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்ணுக்கு 4 வாரம். இரைப்பைப் புண்ணுக்கு 8 வாரம். உணவுக்குழாய் வெந்து புண்ணாகியிருந்தால் 8 வாரம். அடிக்கடி வரும் சாதாரண நெஞ்செரிச்சலுக்கு 4 முதல் 8 வாரம் கொடுத்துவிட்டு நிறுத்திப் பார்ப்பார்கள். புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்காகக் கொடுக்கும் கூட்டு மருந்தில் 14 நாள்.

நடப்பது என்ன? மருத்துவமனையில் இருந்தபோது கையில் ஊசியாகப் போட்ட மருந்து வீட்டுக்கு வரும்போது மாத்திரையாகிறது. ஊருக்கு வந்ததும் பழைய அட்டையைக் காட்டி அடுத்த அட்டை வாங்குகிறார்கள். மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்று அந்த அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனால் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். இப்படி ஒரு வாரத்துக்குத் தொடங்கியது எட்டு ஆண்டாகிவிடுகிறது. அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எனக்கு எதற்காக? எந்தத் தேதியில் நிறுத்துவது?

நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக எரிகிறதே? அப்படியென்றால் வாழ்நாள் முழுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. அமிலம் குறைந்தால் உடல் சும்மா இருப்பதில்லை. காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து அமிலச் செல்களைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. மருந்து இருக்கும்வரை அது வெளியே தெரியாது. இரண்டு மாதத்துக்கு மேல் போட்ட மருந்தைச் சட்டென்று நிறுத்தும்போது, தூண்டப்பட்ட செல்கள் எல்லாம் ஒன்றாகச் சுரக்கின்றன. நோயே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்குச் சில வாரங்கள் கொடுத்து நிறுத்திப் பார்த்த ஆய்விலும் நெஞ்செரிச்சல் வந்தது. ஆகவே நிறுத்திய மூன்றாம் நாள் வரும் எரிச்சலை 'நோய் திரும்பிவிட்டது' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வாரங்களில் அடங்கிவிடும்.

மருத்துவர் ஒப்புக்கொண்டபின் படிப்படியாகக் குறைக்கலாம். இரண்டு வேளை போடுபவர் ஒரு வேளைக்கு வருவது, 40இலிருந்து 20 மி.கி.க்கு இறங்குவது, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். இடையில் எரிந்தால் அமில நீக்கி மருந்து. பொங்கல், தீபாவளி, வீட்டில் கல்யாணம் என்று விருந்து காத்திருக்கும் வாரத்தில் இதைத் தொடங்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

யார் தாமாக நிறுத்தவே கூடாது?

வயிற்றுப்புண்ணிலிருந்து முன்பு இரத்தம் கசிந்தவர்கள். இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துப் போடும் முதியவர்கள். வாதத்துக்காக வலி நிவாரணிகளை நாள்தோறும் போட வேண்டியிருப்பவர்களில் புண் வரும் ஆபத்து மிகுந்தவர்கள். உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள், அதன் உட்சுவர் மாறிப்போய் பேரட் உணவுக்குழாய் என்று எண்டோஸ்கோபியில் எழுதப்பட்டவர்கள், அமிலம் அளவுக்கு மீறிச் சுரக்கும் சோலிங்கர்-எலிசன் என்ற அரிய நோய் உள்ளவர்கள். இவர்களுக்கு இது துணை மருந்தல்ல, காப்பு. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துப் பயந்து இவர்கள் நிறுத்தினால், விளைவு இரத்த வாந்தியாக வரக்கூடும்.

ஆன்டிபயாடிக்கோ வலி மாத்திரையோ கொடுத்தால் கூடவே இதுவும் வேண்டுமா?

வலி மாத்திரைக்குச் சில நேரங்களில் வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை இரைப்பையின் உட்பூச்சைக் காக்கும் இயற்கைப் பொருட்களின் உற்பத்தியைத் தடுக்கின்றன. புண் வருவது அதனால்தான். 65 வயதைக் கடந்தவர், முன்பு புண் வந்தவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து போடுபவர், ஸ்டீராய்டு சேர்த்துப் போடுபவர் என்றால் பாதுகாப்பு தேவை. சுளுக்குக்கு மூன்று நாள் மாத்திரை போடும் இளைஞருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. பாராசிட்டமாலுக்குத் தேவையே இல்லை.

ஆன்டிபயாடிக்குக்கு 'துணையாக' இதைக் கொடுப்பது நம் ஊரில் வேரூன்றிவிட்ட பழக்கம். ஆன்டிபயாடிக்கால் வரும் குமட்டலும் வயிற்றுப்போக்கும் அமிலத்தால் வருபவை அல்ல. சொல்லப்போனால் அமிலம் குறைந்த வயிற்றில் குடல் தொற்றுக் கிருமிகள் எளிதாக உள்ளே நுழையும்.

பெயருக்குப் பின்னால் 'டி' என்று இருக்கிறது. அதே மருந்துதானா?

இல்லை, அதில் இன்னொரு மருந்தும் இருக்கிறது. 'டி' என்பது டோம்பெரிடோன். பான்-டி போன்ற கேப்சூல்களில் பான்டோப்ரசோல் 40 மி.கி.யோடு, மெதுவாகக் கரையும் டோம்பெரிடோன் 30 மி.கி. சேர்ந்திருக்கிறது. டோம்பெரிடோன் குமட்டலுக்கும் வயிறு மந்தமாகக் காலியாவதற்கும் உரியது. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கும் ஆபத்து அதற்கு உண்டு என்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது: குமட்டல், வாந்திக்கு மட்டும், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேற்படாமல். நம் ஊரில் அது மாதக்கணக்கில் போகிறது. வெறும் நெஞ்செரிச்சலுக்கு 'டி' தேவையா என்று கேளுங்கள். இதய நோய் உள்ளவர்களும், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவற்றைப் போடுபவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும்.

பெயருக்குப் பின்னால் 'எல்' என்றோ 'எல்எஸ்' என்றோ இருந்தால் லெவோசல்பிரைட் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. அட்டையின் பின்புறம் உறுதிசெய்துகொள்ளுங்கள். இது மூளையிலும் வேலை செய்யும் மருந்து. வயதானவர்களுக்குக் கை நடுக்கம், நடை தளர்வு, முகம் இறுகுதல் என்று பார்க்கின்சன் நோய் போன்ற அறிகுறிகளை உண்டாக்கும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும், தாய்ப்பால் கொடுக்காதபோதே பால் சுரப்பதும் உண்டு. தாத்தாவுக்குப் புதிதாகக் கை நடுங்குகிறது என்றால், நரம்பு மருத்துவரைத் தேடுவதற்கு முன் அவருடைய 'கேஸ் மாத்திரை' அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

வேறு எந்த மருந்துகளோடு மோதும்?

இரண்டு வகையில் மோதல் வரும். ஒன்று, கல்லீரலில். குளோபிடோக்ரெல் என்ற இதய மருந்து கல்லீரலில் மாற்றமடைந்த பிறகே வேலை செய்யும். ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அந்த மாற்றத்தைத் தடுக்கின்றன. பான்டோப்ரசோல் அதில் அதிகம் தலையிடுவதில்லை என்பதால் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் இதையே எழுதுகிறார்கள். கடையில் 'அது இல்லை, ஒமெப்ரசோல் தரட்டுமா, இரண்டும் ஒன்றுதான்' என்றால் அவர்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மற்றது இரைப்பையில். கரைவதற்கு அமிலம் வேண்டிய மருந்துகள் சரியாகக் கரையாமல் போகும். படர்தாமரைக்கு இட்ராகோனசோல் கேப்சூல் போட்டு மாதக்கணக்கில் குணமாகாதவர்களை அடிக்கடி பார்க்கிறோம். சீட்டின் அடுத்த வரியிலேயே பான்டோப்ரசோல் இருக்கும். எச்ஐவி மருந்துகளில் ரில்பிவிரினோடு இதைச் சேர்க்கவே கூடாது, அட்டசனாவிரோடும் ஆபத்து. இரத்தசோகைக்கான இரும்பு மாத்திரையின் பலன் குறையும். கால்சியம் கார்பனேட்டைவிடக் கால்சியம் சிட்ரேட் பான்டோப்ரசோல் போடுபவர்களுக்கு ஏற்றது. இவை தவிர வார்ஃபரின், டிகாக்சின், அதிக அளவில் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பல ஆண்டு போட்டால் சிறுநீரகம் போய்விடும், ஞாபகம் போய்விடும் என்கிறார்களே?

பயத்தில் பாதி நியாயமானது. எடுத்துக்காட்டாக வைட்டமின் பி12. உணவிலுள்ள பி12ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும்; சில ஆண்டுகள் தொடர்ந்தால் குறைபாடு வரலாம். மெட்ஃபார்மின் போடும் நீரிழிவு நோயாளிக்கு அந்த மருந்தே பி12ஐக் குறைக்கும்; அவர் சைவ உணவுக்காரராகவும் இருந்தால் குறைய மூன்று காரணங்கள் சேர்கின்றன. கால் மரத்துப்போவதைச் 'சர்க்கரையால்' என்று விட்டுவிடாமல் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் மக்னீசியம் குறைந்து தசைப்பிடிப்பும் படபடப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது; பெரும்பாலும் ஓராண்டைக் கடந்தவர்களிடம். எலும்பு முறிவு பற்றி 2010இல் எச்சரித்தது. சிறுநீரகத்தில் ஒவ்வாமை வீக்கம் அரிதாக வரும். அது எப்போது வேண்டுமானாலும் வரலாம். காய்ச்சல், தடிப்பு, சிறுநீர் குறைதல், காரணமற்ற சோர்வு என்றால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு வயிற்று நீரில் தொற்று வரும் ஆபத்து கூடுகிறது.

மறதி நோய், மாரடைப்பு பற்றிய செய்திகள், மருந்து போடுபவர்களைக் கவனித்து எழுதிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஏற்கெனவே நோய் மிகுந்தவர்கள்தான் இம்மருந்தை அதிகம் போடுகிறார்கள் என்பதால் அவற்றில் காரணத்தையும் துணைநிகழ்வையும் பிரிப்பது கடினம். 2019இல் வெளியான ஒரு பெரிய சோதனை இதை நேராகப் பரிசோதித்தது: 17,598 பேரில் ஒரு பாதிக்குப் பான்டோப்ரசோல் 40 மி.கி., மறுபாதிக்கு வெற்று மாத்திரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். சிறுநீரக நோய், மறதி நோய், எலும்பு முறிவு எதிலும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. குடல் தொற்று மட்டும் 1.0 விழுக்காட்டிலிருந்து 1.4 ஆகக் கூடியது. என் கருத்து: தேவையுள்ளவர் பயப்பட வேண்டாம், தேவையில்லாதவருக்கு 1.4 கூட அதிகம்தான்.

'எனக்குப் பத்து வருடமாக அல்சர்.' எண்டோஸ்கோபி எடுக்க வேண்டுமா?

இப்படிச் சொல்பவர்களில் பலருக்கு யாரும் புண்ணைப் பார்த்ததே இல்லை. பசித்தால் எரிகிறது, அதனால் அல்சர் என்று முடிவு செய்திருப்பார்கள். கீழ்க்கண்டவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் எண்டோஸ்கோபி எடுக்க வேண்டும்: விழுங்கும்போது தடை, காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, விடாத வாந்தி, நெருங்கிய உறவில் இரைப்பைப் புற்றுநோய், ஐம்பதைக் கடந்தபின் முதன்முறையாக வரும் தொந்தரவு. இரத்த வாந்தியோ தார்போல் கறுத்த, நாற்றமடிக்கும் மலமோ என்றால் அன்றே, அப்போதே மருத்துவமனை. இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும்; அது தெரியாமல் பதறி வருபவர்களும் உண்டு. ஆனாலும் பதறி வருவதே மேல். பான்டோப்ரசோல் புற்றுநோய்ப் புண்ணின் எரிச்சலையும் தணித்துவிடும் என்பதால், மாத்திரை கேட்கிறது என்பதை நம்பி அறிகுறிகளை ஒதுக்க முடியாது.

உண்மையான புண்ணுக்குப் பெருங்காரணங்கள் இரண்டு. ஒன்று வலி மாத்திரைகள். மற்றது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. காரத்தாலும் கவலையாலும் புண் வருகிறது என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அக்கிருமியைக் கண்டறிந்து 1982இல் வளர்த்துக் காட்டினார்கள். நம்புவோர் குறைவாக இருந்ததால் மார்ஷல் 1984இல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி இருந்தால் பான்டோப்ரசோல் மட்டும் போதாது. ஆன்டிபயாடிக்குகளும், சில முறைகளில் பிஸ்மத் என்ற மருந்தும் சேர்த்து 14 நாள் போட வேண்டும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். கிருமியைச் சோதிக்கும் மூச்சுச் சோதனை, மலச் சோதனைக்கு முன் பான்டோப்ரசோலை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்குகளை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கும் கிருமியும் இல்லை என்று வரும். நிறுத்தக் கூடாதவர்கள் மருத்துவரிடம் கேட்டபின்பே இதைச் செய்ய வேண்டும்.

பத்தியம் உண்டா? பால் குடிக்கலாமா?

காரம் புண்ணை உண்டாக்குவதில்லை; எரிச்சலைக் கூட்டலாம். உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை விடுங்கள், ஊர் சொல்லும் பட்டியலை அல்ல. பால் முதலில் இதமாக இருக்கும், பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டும். மருந்தாக அதை நம்ப வேண்டாம். உண்மையில் பலன் தருவது நேரம்: சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம். இரவு பத்தரைக்குப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுப்பவருக்கு எந்த மாத்திரையும் முழுதாகக் கைகொடுக்காது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடிந்து தொல்லை கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. தொப்பை குறைந்தால் எரிச்சலும் குறையும். புகைப்பது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

கர்ப்பிணிகள் போடலாமா?

மருத்துவர் சொன்னால் போடலாம். முதலில் உணவு நேர மாற்றமும் அமில நீக்கி மருந்தும். அதற்கும் அடங்காவிட்டால்தான் இக்குடும்ப மருந்து. கர்ப்ப காலப் பயன்பாட்டில் அதிக அனுபவம் ஒமெப்ரசோலுக்கு உண்டு. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுப்பது கூடவே கூடாது.

விலை குறைந்ததை வாங்கலாமா?

தாராளமாக. மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கிடைக்கும் பான்டோப்ரசோலும் பெரிய நிறுவனப் பெயரில் வருவதும் ஒரே மருந்துதான். கவனிக்க வேண்டியது வேறு: பான், பான்டோசிட், பான்டாப் எல்லாமே பான்டோப்ரசோல். இதய மருத்துவர் ஒன்றும், எலும்பு மருத்துவர் ஒன்றும் எழுத, பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் போடுபவர்கள் இருக்கிறார்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? நோன்பு நாட்களில்?

அன்றே நினைவு வந்தால் அடுத்த சாப்பாட்டுக்கு அரை மணி முன் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். ரமலான் நோன்பு வைப்பவர்கள் சஹர் உணவுக்கு அரை மணி முன் போடலாம். அது முடியாதவர்கள் நோன்பு திறக்கும்போது தண்ணீரோடும் பேரீச்சம்பழத்தோடும் மாத்திரையைப் போட்டுவிட்டு, தொழுகை முடித்து வந்து முழு உணவைச் சாப்பிடலாம். புண் இன்னும் ஆறாதவர்களும் அண்மையில் இரத்தம் கசிந்தவர்களும் நோன்பு பற்றி மருத்துவரிடம் முன்பே பேச வேண்டும்.

பக்கவிளைவு வந்தால் யாரிடம் சொல்வது?

தலைவலி, லேசான வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல் வருவது சகஜம். பெரும்பாலும் தானே சரியாகும். முகம் வீங்குதல், மூச்சுத்திணறல், தோல் உரிதல், நிற்காத வயிற்றுப்போக்கு என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். பிறகு, நோயாளியோ குடும்பத்தினரோ நேரடியாகவே இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. எந்த மருந்து, எப்போது தொடங்கியது, என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொகுதி எண் அதில்தான் இருக்கிறது.